கறுப்பாய்ப் போகும் இரத்தம்

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில், கொழுந்து நிறுக்கும் நேரத்தில் ஒருவர் தலைசுற்றி விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முகம் வெளிறியிருக்கிறது, நெற்றியில் குளிர்ந்த வியர்வை, நாடி தறிகெட்டு ஓடுகிறது. தோட்ட டிஸ்பென்சரியில் இருப்பவர் அனுபவசாலியாக இருந்தால் வயிற்று வலி பற்றி அப்புறம் கேட்பார். முதலில் கேட்பது, "காலையில வெளிக்குப் போனது என்ன நிறம்?"

"கறுப்பா, தார் மாதிரி" என்று பதில் வந்தால் அடுத்த வேலை லொறி தேடுவதுதான்.

இரத்தம் சிவப்பு. ஆனால் உணவுக்குழாயிலோ இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ கசிந்து, ஏழெட்டு மீற்றர் குடலைக் கடந்து வெளியே வரும் இரத்தம் சிவப்பாக இருப்பதில்லை. வழியிலே அமிலமும் நொதிகளும் குடல் பக்டீரியாக்களும் ஹீமோகுளோபினைச் சிதைத்துக் கறுப்பாக்கிவிடுகின்றன. 50 முதல் 100 மில்லிலீற்றர் வரை இரத்தம் மேலே கசிந்தாலே மலம் கறுத்துப் பசைபோல ஒட்டும். கூடவே வரும் நாற்றத்தை, வார்டில் ஒருமுறை அறிந்த தாதியர் பிறகு வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். வாந்தியாக வந்தாலும் நிறம் கதை சொல்லும். பச்சை இரத்தமாகக் கட்டிகட்டியாக வந்தால் உள்ளே வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். கோப்பித்தூள் கலந்தாற்போலப் பழுப்பாக வந்தால், இரைப்பையில் கொஞ்ச நேரம் தங்கி அமிலத்தில் ஊறிய இரத்தம் அது.

நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாறவும் நேரும். கர்ப்பிணி கிளினிக்கில் இரும்புக் குளிசை வாங்கிச் சாப்பிடும் பெண்ணுக்கும் மலம் கறுப்பாகத்தான் போகும். அது கட்டியாக, கரும்பச்சை கலந்து இருக்கும். தார்போல ஒட்டாது, அந்த நாற்றமும் இராது. நாள் முழுக்க வெற்றிலை போடுகிறவர் வாந்தி எடுத்தால் அது சிவப்பாக இருந்து வீட்டாரைக் கலவரப்படுத்தும். நுவரெலியாவில் விளையும் பீற்றூட்டைக் கறியாக நிறையச் சாப்பிட்டவருக்கு மறுநாள் சிவந்து போகலாம். இவற்றையெல்லாம் கேட்டு ஒதுக்கிய பிறகே வைத்தியர் அடுத்த கட்டத்துக்குப் போவார்.

உடம்பு தன் இழப்பை மறைப்பதில் கெட்டிக்காரத்தனம் காட்டும். வளர்ந்த ஒருவருக்கு ஏறக்குறைய ஐந்து லீற்றர் இரத்தம் இருக்கிறது. அதில் ஒரு லீற்றருக்கு மேல் போன பிறகும், படுத்திருக்கும்வரை இரத்த அழுத்தம் சாதாரணமாக இருக்க முடியும். முதலில் மாறுவது நாடித் துடிப்பு. எழுந்து நின்றால் கண் இருட்டும். ஹீமோகுளோபின் பரிசோதனையும் முதல் சில மணி நேரத்துக்குப் பொய் சொல்லும். அது இரத்தத்தின் செறிவை அளக்கிறதே தவிர, மொத்த அளவை அல்ல. திசுக்களிலிருந்து நீர் இரத்தக் குழாய்களுக்குள் வந்து எஞ்சிய இரத்தத்தை ஐதாக்கிய பின்னரே எண் விழும். ஆகவே "எச்பி பன்னிரண்டு, பயமில்லை" என்று திருப்பி அனுப்பப்படும் நோயாளி ஆபத்தான நோயாளி.

மலையிறங்கும் நேரம்

அட்டனிலிருந்து கண்டிக்கு, கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாக ஏறக்குறைய 70 கிலோமீற்றர். சமவெளியில் அது ஒரு மணி நேரப் பயணம். மலைப்பாதையில் மழையும் மூடுபனியும் சேர்ந்தால் இரண்டு மணி நேரம் தாண்டும். அட்டனுக்கு வந்துசேரும் முன்பே, லயத்திலிருந்து பிரதான பாதைக்கு இறங்கத் தனியாக ஒரு பயணம் இருக்கிறது. நெடுங்காலம் அதற்குத் தோட்ட லொறிதான் வாகனம். கொழுந்து ஏற்றும் அதே லொறியில் நோயாளியும் ஏறுவார்.

கடந்த பத்தாண்டில் சில மாற்றங்கள் வந்தன. இந்திய உதவியுடன் 2016 ஜூலையில் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய 1990 'சுவசெரிய' அம்புலன்ஸ் சேவை பிற்பாடு நாடு முழுவதற்கும் விரிந்தது. டிக்கோயா கிளங்கனில் இந்திய நிதியில் கட்டப்பட்ட 150 கட்டில் வைத்தியசாலையை 2017 மே 12 அன்று இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி திறந்துவைத்தார். ஆனாலும் சிக்கலான இரத்தப்போக்கு என்றால், கண்டி தேசிய வைத்தியசாலையையோ பேராதனை போதனா வைத்தியசாலையையோ நோக்கி மலையிறங்கும் பாதைதான் இன்னும் பழக்கமான பாதை.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. வாய்வழியே குழாய் விட்டு இரைப்பைக்குள் பார்க்கும் எண்டோஸ்கோப் இருக்கும் இடத்துக்குப் போக இவ்வளவு நேரம் ஆகுமானால், மலையில் இருப்பவருக்கு வாய்ப்பே இல்லையா? நெடுநாளாக வைத்தியர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். எவ்வளவு சீக்கிரம் குழாயை உள்ளே விடுகிறோமோ அவ்வளவு நல்லது என்பது பொதுப்புத்தி. ஹொங்கொங் சீனப் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் லாவ் குழுவினர் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். கடும் இரத்தப்போக்குடன் வந்த 516 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு 6 மணி நேரத்துக்குள்ளும் மற்றதற்கு 6 முதல் 24 மணி நேரத்துக்குள்ளும் எண்டோஸ்கோபி செய்தார்கள். 2020இல் முடிவு வெளியானது. அவசரப்பட்ட பிரிவில் 30 நாட்களுக்குள் இறந்தவர்கள் 8.9 சதவீதம், பொறுத்திருந்த பிரிவில் 6.6 சதவீதம். இந்த வேறுபாடு தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்பதால், தாமதிப்பது மேல் என்று இதிலிருந்து சொல்ல முடியாது. அவசரப்பட்டதால் உயிர் எதுவும் கூடுதலாகக் காப்பாற்றப்படவில்லை என்று மட்டும் சொல்லலாம்.

அந்த ஆய்வில் ஒரு நிபந்தனை உண்டு. சேலைனும் இரத்தமும் ஏற்றி நிலைப்படுத்தப்பட்டவர்களே அதில் சேர்க்கப்பட்டார்கள். அழுத்தம் நிலைக்காமல் சரிந்துகொண்டே இருந்தவர்கள் சேர்க்கப்படவில்லை. மலைநாட்டுக்கு இதில் பெரிய செய்தி இருக்கிறது. கண்டிக்குப் போகும் இரண்டு மணி நேரத்தைவிட, புறப்படுவதற்கு முன்னால் அட்டனில் செலவிடும் அரை மணி நேரம் நோயாளியின் விதியைக் கூடுதலாகத் தீர்மானிக்கிறது. இரு கைகளிலும் தடித்த ஊசி, சேலைன், இரத்த வகை பார்த்துப் பொருத்தம் சோதித்தல், அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் ஊசி. ஈரல் நோய் என்று சந்தேகம் இருந்தால் கிருமிக்கொல்லியும் குடல் நாளங்களின் அழுத்தத்தைக் குறைக்கும் மருந்தும். இதில் எதற்கும் எண்டோஸ்கோப் தேவையில்லை.

யாரை உடனே அனுப்ப வேண்டும், யாரை வைத்துப் பார்க்கலாம் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவில் ஒலிவர் பிளாட்ச்ஃபோர்டும் சகாக்களும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட புள்ளித்திட்டம் அது. இரத்தத்தில் யூரியா, ஹீமோகுளோபின், இரத்த அழுத்தம், நாடி, கறுப்பு மலம், மயக்கம், ஈரல் நோய், இதயச் செயலிழப்பு ஆகிய எட்டுக்கும் புள்ளி போட்டுக் கூட்ட வேண்டும். யூரியா ஏன்? குடலில் விழுந்த இரத்தம் உடம்பைப் பொறுத்தவரை புரத உணவு. அது செரித்து யூரியாவாக மாறி இரத்தத்தில் ஏறும். மொத்தம் பூச்சியமோ ஒன்றோ வந்தால் பெரும்பாலும் வீட்டுக்கு அனுப்பிப் பிறகு பார்க்கலாம். பன்னிரண்டு வந்தால் அம்புலன்ஸ் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஓர் ஆய்வுகூடமும் ஒரு துண்டுக் காகிதமும் இருக்கும் எந்த ஆதார வைத்தியசாலையிலும் இதைச் செய்துவிடலாம்.

இரத்தம் ஏற்றுவதிலும் பழைய எண்ணம் ஒன்று மாறியிருக்கிறது. போனதை எல்லாம் திருப்பி நிரப்ப வேண்டும் என்றுதான் முன்பு கருதினார்கள். பார்சலோனாவில் 921 நோயாளிகளிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், ஹீமோகுளோபின் 7க்குக் கீழே இறங்கினால் மட்டும் இரத்தம் ஏற்றிய பிரிவில் ஆறு வாரங்களுக்குப் பின் 95 சதவீதத்தினர் உயிரோடு இருந்தார்கள். 9க்குக் கீழே இறங்கியதுமே ஏற்றிய பிரிவில் 91 சதவீதம்தான். ஈரல் நோயாளிகளில் அளவுக்கு மீறி இரத்தம் ஏற்றினால் குடல் நாளங்களில் அழுத்தம் கூடி, அடைபட்ட இடம் மறுபடி உடையும் என்பது அதற்கு ஒரு காரணம். 2014 முதல் முழுக்க முழுக்கத் தன்னார்வக் கொடையாளரிடமிருந்தே இரத்தம் பெறும் இலங்கையில், ஒவ்வொரு பைக்கும் கணக்குப் பார்ப்பது கஞ்சத்தனமாகாது.

வாள் விழுங்கியும் கண்ணாடி நாரும்

உயிரோடு இருப்பவரின் இரைப்பைக்குள் வாய்வழியே குழாய் விட்டு முதன்முதலில் எட்டிப்பார்த்தவர் ஜேர்மனியின் அடோல்ஃப் குஸ்மௌல். 1868இல் ஃப்ரைபேர்க் நகரில், வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரைப் பிடித்து, 47 சென்ரிமீற்றர் நீள உலோகக் குழாயை விழுங்கவைத்தார். குழாய் போனது, வெளிச்சம் போகவில்லை. விளக்கொளியைக் கண்ணாடியால் திருப்பிவிட்டும் இருட்டைத் தவிர அதிகம் தெரியவில்லை. 1932இல் ருடோல்ஃப் ஷிண்ட்லர், கருவி செய்பவரான கேயோர்க் வொல்ஃபுடன் சேர்ந்து ஓரளவு வளையும் குழாயை உண்டாக்கினார். அதிலும் நோயாளி கழுத்தை நீட்டி அசையாமல் கிடக்க வேண்டியிருந்தது. இரத்தம் வாந்தி எடுத்துக்கொண்டிருப்பவரிடம் அது நடக்கிற காரியமா?

திருப்பம் வந்தது கண்ணாடி நாரினால். பஞ்சாபின் மோகாவில் பிறந்து லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஆராய்ச்சி செய்த நரிந்தர் சிங் கபானியும் அவரது வழிகாட்டி ஹரோல்ட் ஹொப்கின்ஸும், மெல்லிய நார்க் கற்றை ஒன்றின் வழியாகப் படத்தை வளைத்துக் கொண்டுபோகலாம் என்று 1954 ஜனவரியில் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். தென்னாபிரிக்காவில் பிறந்து அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வேலை செய்த பேசில் ஹெர்ஷோவிட்ஸ் அதைப் படித்தார். நார்கள் ஒன்றோடொன்று உரசும் இடத்தில் வெளிச்சம் கசிந்து படம் மங்கியது. லாரி கர்டிஸ் என்ற மாணவர் ஒவ்வொரு நாருக்கும் வேறு வகைக் கண்ணாடியால் மேலுறை கொடுத்து 1956 டிசம்பரில் அதைத் தீர்த்தார். 1957 பெப்ரவரியில் ஹெர்ஷோவிட்ஸ் அந்தக் குழாயைத் தானே விழுங்கிப் பார்த்தார். சில நாட்களில் பல்வைத்திய மாணவர் ஒருவரின் மனைவியுடைய குடற்புண்ணை அதன் வழியே கண்டார். 1983இல் குழாயின் நுனியிலேயே மின்னணுக் கமரா வந்தபோது, ஒருவர் கண்ணை வைத்துப் பார்த்ததை அறையில் உள்ள எல்லோரும் திரையில் பார்க்கும் நிலை வந்தது. இரத்தத்தை நிறுத்துவதற்கு இந்தக் கடைசி மாற்றம் முக்கியமானது. வைத்தியர் குழாயைப் பிடித்திருக்க, ஊசியையும் கிளிப்பையும் இயக்கும் தாதி அதே படத்தைப் பார்த்துக் கை கொடுக்க முடிந்தது.

புண்ணின் அடியில் ஒரு குழாய்

இன்றைய எண்டோஸ்கோப் சுண்டுவிரல் பருமன். ஒரு மீற்றருக்குச் சற்று மேல் நீளம். அதற்குள்ளேயே ஒளி, கமரா, நீர் பீச்சும் வழி, காற்று வழி எல்லாம் இருக்கின்றன. இவை தவிர ஏறக்குறைய மூன்று மில்லிமீற்றர் அகலத்தில் ஒரு வெற்றுக் கால்வாய். வேலை நடப்பது அந்தக் கால்வாய் வழியாகத்தான்.

நோயாளி இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கிறார். தொண்டையில் மரத்துப்போகும் மருந்து தெளிக்கப்படுகிறது, பற்களுக்கிடையே பிளாஸ்ரிக் வளையம். குழாய் இரைப்பைக்குள் இறங்கியதும் பெரும்பாலும் திரையில் தெரிவது இரத்தக் குளம். முதல் வேலை கழுவுவது, உறிஞ்சுவது, மறுபடி கழுவுவது. கட்டிகள் அகலாவிட்டால் நோயாளியைப் புரட்டிப்போட்டுக் குளத்தை இடம் மாற்றுவார்கள். பத்து நிமிடமோ அரை மணி நேரமோ கழித்து, முன்சிறுகுடலின் முதல் வளைவில், வெள்ளைத் தளத்தோடு ஒரு புண் தெரிகிறது. அதன் நடுவே மிளகளவில் ஒரு சிவப்பு முடிச்சு. அரிக்கப்பட்ட தமனியின் வாய் அது.

எடின்பரோவின் ஜோன் ஃபொரஸ்ட் 1974இல் இப்படிப்பட்ட புண்களுக்கு ஒரு வரிசை வகுத்தார். பீச்சியடிப்பது, மெதுவாகக் கசிவது, இப்போது நின்றிருந்தாலும் குழாய் வெளியே தெரிவது, மேலே கட்டி ஒட்டியிருப்பது, கறுப்புப் புள்ளி மட்டும் இருப்பது, சுத்தமான தளம். உலகெங்கும் இன்றும் அந்த வரிசைதான். முதல் மூன்றிலும் வைத்தியர் கைவைப்பார், கடைசி இரண்டை விட்டுவிடுவார், கட்டி ஒட்டியதில் யோசிப்பார். பத்தாயிரத்தில் ஒரு பங்காக ஐதாக்கிய அட்ரினலினை முதலில் புண்ணின் நான்கு பக்கமும் குத்துகிறார்கள். திசு வீங்கிக் குழாயை நெரிக்கிறது, மருந்து குழாயைச் சுருக்குகிறது. பீச்சுவது குறைந்து பார்வை தெளிவாகிறது. அட்ரினலின் மட்டும் போதாது, சில மணி நேரத்தில் அதன் வேலை முடிந்துவிடும். எனவே இரண்டாவதாக, கால்வாய் வழியே உலோகக் கிளிப்பை இறக்கி, அதன் இரு தாடைகளையும் குழாய்க்கு இருபுறமும் வைத்துத் தாதியிடம் "மூடுங்க" என்கிறார் வைத்தியர். அல்லது சூடேறும் முனையை அழுத்திச் சுட்டு ஒட்டுகிறார். கிளிப் சில வாரங்களில் தானாக உதிர்ந்து மலத்தோடு போய்விடும்.

அந்தப் புண் எப்படி வந்தது? முதுகில் கூடையோ சாக்கோ சுமந்து சரிவில் ஏறி இறங்கும் உடம்புக்கு முழங்காலும் இடுப்பும் நோவது தினசரிக் கதை. அதற்கு விழுங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலிக் குளிசைகள் இரைப்பைச் சுவரைக் காக்கும் சளிப்படலத்தை மெலியவைக்கின்றன. வெறும் வயிற்றில் விழுங்குவதுதான் கெடுதல் என்று பலர் நினைக்கிறார்கள். சோற்றுக்குப் பின் விழுங்கினாலும் மருந்து இரத்தம் வழியாக வந்து அதே கெடுதலைச் செய்யும். இன்னொரு காரணி ஹெலிகோபக்டர் பைலோரி என்ற பக்டீரியா. அதன் பங்கை நிறுவ 1984இல் அவுஸ்திரேலியாவின் பாரி மார்ஷல் கிருமிக் கரைசலையே குடித்துக்காட்டினார். 2005இல் அவருக்கும் ரொபின் வொரனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. "கேஸ்ட்ரைட்டிஸ்தான்" என்று ஆண்டுக்கணக்கில் வாங்கிக் குடிக்கும் வெள்ளைத் திரவ மருந்து எரிச்சலை அடக்கும். கிருமியை ஒன்றும் செய்யாது.

உடையும் நாளங்கள்

புண்ணைவிடப் பயங்கரமானது ஈரல் நோயாளியின் இரத்தவாந்தி. பல்லாண்டு சாராயமும் கசிப்பும் ஈரலைத் தழும்பாக்கிவிட்டால், குடலிலிருந்து ஈரலுக்கு வரும் இரத்தம் உள்ளே நுழைய முடியாமல் மாற்றுவழி தேடுகிறது. உணவுக்குழாயின் அடிப்பகுதியில் உள்ள மெல்லிய நாளங்கள் அந்த வழி. அழுத்தம் 12 மில்லிமீற்றர் பாதரசத்தைத் தாண்டும்போது அவை புடைத்து உடையும் நிலைக்கு வருகின்றன. குடிக்காதவர்களுக்கும் இது வரும். கொழுப்பு படிந்து பழுதடைந்த ஈரலால் இரத்தவாந்தி எடுப்பவர்கள் இலங்கை வைத்தியசாலைகளில் இப்போது ஏராளம்.

இதற்குக் கிளிப் உதவாது. 1980களில் அமெரிக்காவின் டென்வரில் கிரெக் ஸ்டீக்மன், மூலநோய்க்குப் போடும் ரப்பர் வளையத்தை உணவுக்குழாய்க்குள் கொண்டுபோனார். எண்டோஸ்கோப்பின் நுனியில் ஒளி ஊடுருவும் சிறு தொப்பி மாட்டப்படும். தொப்பியின் வெளிப்புறத்தில் இழுத்து விரித்த ஆறேழு வளையங்கள். நாளத்துக்கு நேரே தொப்பியை வைத்து உறிஞ்சினால், நாளம் தொப்பிக்குள் புடைத்து வரும். திரை முழுதும் செக்கச்சிவப்பாகும். கைப்பிடியில் உள்ள சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றியதும் ஒரு வளையம் நழுவி நாளத்தின் கழுத்தில் இறுகும். உறிஞ்சலை விட்டால், நீலம் பாரித்த சிறு குமிழ் தொங்குவது தெரியும். பிறகு அடுத்த நாளம். சில நாட்களில் குமிழ் அழுகி வளையத்தோடு உதிர்ந்து, அந்த இடத்தில் ஆழமில்லாத புண்ணும் பிறகு தழும்பும் மிஞ்சும். உடைந்தது உணவுக்குழாயில் அல்லாமல் இரைப்பையின் மேல்பகுதியில் என்றால், பசையை ஊசிமூலம் செலுத்தி நாளத்தை உறையவைப்பார்கள். கடையில் விற்கும் உடனொட்டிப் பசையின் அதே குடும்பத்துப் பசை அது.

சத்தமில்லாத இரத்தப்போக்கு

இதுவரை பார்த்தது ஒருவரை ஒரே நாளில் விழுத்தும் இரத்தப்போக்கு. தேயிலை மலைகளின் வரலாற்றில் அதைவிட அதிகமானவர்களை வீழ்த்தியது வேறொன்று. அதில் மலம் கறுப்பதில்லை, வாந்தி இல்லை, யாரும் லொறி தேடுவதும் இல்லை.

கொளுக்கிப்புழு ஒரு சென்ரிமீற்றர் நீளம். மிலானில் 1838இல் ஒரு கிராமத்துப் பெண்ணின் சடலத்தைத் திறந்தபோது ஆஞ்சலோ டுபீனி அதைக் கண்டார். அது உடம்புக்குள் எப்படி நுழைகிறது என்பது 1898இல் கெய்ரோவில் தற்செயலாகத் தெரியவந்தது. ஆர்தர் லூஸ் என்ற ஆய்வாளரின் கையில் இளம்புழுக்கள் இருந்த நீர் சிந்தி, அரிப்பெடுத்து, பிறகு அவருடைய மலத்திலேயே முட்டைகள் வந்தன. தோலைத் துளைத்து நுழைந்து, இரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி விழுங்கப்பட்டுக் குடலை அடைகிறது அந்தப் புழு. அங்கே குடற்சுவரைக் கடித்துப் பிடித்து, இரத்தம் உறையாமல் தடுக்கும் புரதங்களைச் சுரந்து குடிக்கிறது. அவ்வப்போது இடம் மாறுகிறது. விட்டுவந்த கடிவாயிலிருந்து மேலும் கொஞ்சம் கசிகிறது.

நிழல்விழும் ஈரமண், வெறுங்கால், கழிவறை இல்லாத லயம். புழுவுக்கு இதைவிட என்ன வேண்டும்? நுவரெலியாவின் குளிரில் இளம்புழு அவ்வளவாகத் தழைக்காது. சூடு கூடிய தாழ்வான தோட்டங்களில்தான் பாதிப்பு மோசம். அமெரிக்காவின் ரொக்ஃபெல்லர் நிறுவனம் 1916இல் மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் கொளுக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியபோது, ஜோன் ஸ்னொட்கிராஸ் தலைமையில் வந்தவர்கள் தகரப் பெட்டிகளில் மலமாதிரி சேகரித்து நுணுக்குக்காட்டியில் பார்த்தார்கள். பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மேல் முட்டை இருந்தது. தைமோலும் சீனோபோடியம் எண்ணெயும் கொடுத்துப் பேதி உப்பால் கழுவினார்கள். புழு போனது. கழிவறை கட்டச் செலவழிப்பதற்குத் தோட்டத்துரைமார் இழுத்தடித்தபடியால், ஆட்கள் அதே மண்ணில் நடந்து மறுபடி புழுவை வாங்கிக்கொண்டார்கள்.

கொளுக்கிப்புழுக்களில் நெக்கேட்டர் வகைப் புழு ஒன்று ஒரு நாளைக்கு 0.03 மில்லிலீற்றர் இரத்தத்தை இழக்கவைக்கும். நூறு புழு என்றால் 3 மில்லிலீற்றர். ஒரு மில்லிலீற்றர் நல்ல இரத்தத்தில் அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ஆக நாளுக்கு ஒன்றரை மில்லிகிராம் வரை குடலில் கொட்டப்படுகிறது. அதில் ஒரு பங்கைக் குடல் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும், மிச்சம் போய்விடும். சாப்பாட்டிலிருந்து உடம்பு எடுத்துக்கொள்ளும் இரும்பே நாளுக்கு ஒன்று முதல் இரண்டு மில்லிகிராம்தான். அதையும் குறைப்பது, ரொட்டியோடு குடிக்கும் சாயத்தேத்தண்ணி. அதிலுள்ள பொலிஃபீனோல்கள் இரும்பைப் பிடித்துக்கொண்டு உறிஞ்சவிடாமல் தடுக்கின்றன என்று தென்னாபிரிக்க ஆய்வாளர்கள் 1975இல் காட்டினார்கள். மாதவிடாயிலும் பிள்ளைப்பேற்றிலும் இரும்பை இழக்கும் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு மூன்று பக்கமும் செலவு.

அந்தச் செலவு மலையில் எப்படித் தெரிகிறது? 1979இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு அதைக் கொழுந்தின் நிறையாலேயே அளந்தது. அமெரிக்காவின் வி. ஆர். எட்ஜெர்டனும் இலங்கையின் கே. ஏ. குணவர்தன, பி. செனவிரத்ன உள்ளிட்டோரும் இலங்கைத் தேயிலைத் தோட்டப் பெண்களுக்கு இரும்புச் சத்துக் கொடுத்து, அதற்கு முன்னும் பின்னும் எவ்வளவு பறித்தார்கள் என்று பார்த்தார்கள். ஹீமோகுளோபின் ஏறியவர்கள் கூடுதலாகப் பறித்தார்கள். ஆரம்பத்தில் மிகவும் வெளிறியிருந்தவர்களிடம் மாற்றம் பெரிதாக இருந்தது. இத்தனைக்கும் அவர்களில் யாரும் "நோயாளி" என்று வார்டில் படுத்தவர்கள் அல்லர்.

இந்தப் புழுவைக் கண்ணால் காண்பதும் எளிதல்ல. மேலிருந்து போகும் எண்டோஸ்கோப் முன்சிறுகுடலின் இரண்டாம் பகுதிவரை போகும். கீழிருந்து போகும் குழாய் பெருங்குடலைத் தாண்டிச் சற்றே எட்டிப்பார்க்கும். நடுவே சில மீற்றர் சிறுகுடல் இரண்டுக்கும் எட்டாது. புழு விரும்பும் இடம் அந்தப் பகுதியின் தொடக்கம். இஸ்ரேலின் கவ்ரியல் இத்தான் உருவாக்கிய விழுங்கும் கமரா 2001இல் அமெரிக்க அனுமதி பெற்றது. 26 மில்லிமீற்றர் நீள வில்லை அது. நொடிக்கு இரண்டு படம் வீதம் எட்டு மணி நேரத்தில் 50,000க்கு மேற்பட்ட படங்களை எடுத்து அனுப்பும். காரணம் பிடிபடாத இரத்தசோகைக்காக அதை விழுங்கிய நோயாளிகள் சிலரின் குடலில், இரத்தம் குடித்துச் சிவந்த புழுக்கள் நெளிவதை வைத்தியர்கள் திரையில் கண்டு அறிக்கை எழுதியிருக்கிறார்கள். அவற்றைக் கொல்ல 400 மில்லிகிராம் அல்பென்டசோல் குளிசை போதும்.

குளிசையின் பலனுக்குத் தோட்டங்களிலேயே சான்று உண்டு. 1992இல் தோட்டப்புறங்களில் நடந்த கணக்கெடுப்பில் சிறுவர்களிலும் பெண்களிலும் 90 சதவீதத்துக்கு மேற்பட்டோருக்கு ஏதோவொரு குடற்புழு இருந்தது. 1994 முதல் 2005 வரை 3 முதல் 18 வயதானவர்களுக்கு ஆண்டுக்கு இருமுறை புழு மருந்து கொடுத்தார்கள். நிறுத்தி நான்கு ஆண்டுகளுக்குப் பின் பள்ளிப் பிள்ளைகளிடம் பார்த்தபோது 29 சதவீதம். குளிசை தொடராமலே எண் தாழ்ந்து நின்றது என்றும் வாசிக்கலாம்; பத்துப் பிள்ளைகளில் மூன்று பேருக்கு இன்னும் புழு என்றும் வாசிக்கலாம்.

திரும்ப வர வேண்டிய நாள்

கண்டியில் நாளங்களுக்கு வளையம் போட்டு உயிர் தப்பியவர் நாலைந்து நாளில் வீட்டுக்குப் போகிறார். சிகிச்சை முடியவில்லை. இரண்டு முதல் நான்கு வாரத்தில் மறுபடி குழாய் விட்டு, மிச்ச நாளங்களுக்கும் வளையம் போட வேண்டும். நாளங்கள் மறையும்வரை இப்படி மூன்று நான்கு தடவை. இடையில் விட்டுவிட்டால், ஓரிரு ஆண்டுக்குள் ஏறக்குறைய பத்தில் ஆறு பேர் மறுபடி இரத்தவாந்தி எடுப்பார்கள். ஒவ்வொரு தடவையும் விடியற்காலை பஸ், வெறும் வயிறு, துணைக்கு ஒருவர். தோட்டத்தில் அன்றைக்கு இருவருக்குப் பேர் விழாது, அதாவது நாட்சம்பளம் இல்லை. கிளினிக் கொப்பியில் எழுதிய திகதி தவறிப்போவதற்குக் குடிகாரரின் அலட்சியத்தை மட்டும் காரணம் சொல்ல முடியாது.

வளையம் போடும் கருவியை மலைக்கு ஏற்றுவது கடினம். மிச்சத்தில் பெரும்பகுதியை ஏற்றிவிடலாம். பைலோரிக் கிருமியை மலத்தில் சோதிக்கலாம். இரண்டு வாரக் குளிசையில் ஒழிக்கலாம். வலிக் குளிசையை நிறுத்திப் பரசிட்டமோலுக்கு மாற்றலாம். இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்காமல் ஒரு மணி நேரம் தள்ளி விழுங்கச் சொல்லலாம். நாளங்களின் அழுத்தத்தைக் குறைக்கும் புரொப்ரனலோல் மலிவான பழைய மருந்து. சிறு அளவில் தொடங்கி, நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 55 முதல் 60 வரை இறங்கும்வரை கூட்டிக்கொண்டு போவார்கள். இரத்த அழுத்தம் அதிகம் விழுந்தால் குறைப்பார்கள். இதைக் கவனிக்கத் தேவையானவை நொடி முள் உள்ள கடிகாரம், அழுத்தமானி, வாரம் ஒருமுறை நாடி பிடித்துக் கொப்பியில் எழுதும் ஒரு தோட்ட வைத்திய உதவியாளர்.